“பிஹெல்ட்” என்று எழுதியதற்கு இவ்வளவு சிரிப்பா?

அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள். லிங்க் கேட்காதீர்கள், தரமாட்டேன். என் இணையப் பக்கத்தில் ஒரு பெண் போட்ட கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரைக்கூட மறைக்காமல், “நாவல் படிச்சு இங்கிலீஷ் கத்துக்கிட்டா இப்படித்தான் மக்களே” என்று ஆங்கிலம் சொல்லித்தரும் ஒரு சார் அதில் 40 விநாடி சிரித்தார். அவள் எழுதியது ஒரே வரி. காலையில் மேனேஜரைப் பார்த்தேன் என்பதற்கு ‘சா’ (saw) போட வேண்டிய இடத்தில் ‘பிஹெல்ட்’ (beheld) போட்டுவிட்டாள். நேற்று இரவு தேடினால் அவள் கணக்கையே காணோம்.

அவளை டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்ற பழைய ஆங்கில நாவலைப் படிக்கச் சொன்னவன் நான். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

தப்புத்தான். “மேனேஜரைக் கண்ணுற்றேன்” என்று தமிழில் சொல்வது போலத்தான் அது. ஆனால் ஒரு வெள்ளைக்காரர் நம்மிடம் வந்து “கண்ணுற்றேன்” என்று சொல்லட்டும், என்ன செய்வோம்? செல்ஃபி எடுத்து, எல்லா குரூப்புக்கும் அனுப்பி, தமிழ் வாழ்க என்று எழுதுவோம். நம் வீட்டுப் பெண் ஆங்கிலத்தில் அதையே செய்தால் 40 விநாடி சிரிப்பு.

சாருடைய வைத்தியம் என்ன தெரியுமா? ஆயிரம் ‘அட்வான்ஸ்டு’ வார்த்தைகள், ஒரு பிடிஎஃப், 499 ரூபாய். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். மளிகை லிஸ்ட்கூட இதைவிடச் சுவையாக இருக்கும்.

‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று போட்டால் எதிரே என்ன வரும்? எதிர்பார்ப்பு. நானும் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்றால் ‘பெரிய எதிர்பார்ப்புகள்’ என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 18ஆம் அத்தியாயத்தில் ஒரு வக்கீல் வந்து, கொல்லன் பட்டறையில் வேலை பழகும் கதாநாயகன் பிப்புக்கு அது இருக்கிறது என்று சொல்லும்போதுதான் புரிந்தது. அவனுக்குச் சொத்து வரப்போகிறது. வரப்போகும் சொத்துக்கு அந்த ஊரில் அந்தக் காலத்தில் அதுதான் பேச்சு. தலைப்பே அதுதான்! எந்த பிடிஎஃப் இதைச் சொல்லும்?

கொஞ்சம் சொந்தக் கதை. 2004இல் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். பழைய புத்தகக் கடையில் 30 ரூபாய்க்கு அந்த நாவலை வாங்கினேன், அட்டைகூட இல்லை. 59 அத்தியாயம், எனக்குப் பதினான்கு மாதம். பக்கத்தில் லிஃப்கோ அகராதி, ஒரு 80 பக்க நோட்டு. நோட்டில் வெறும் அர்த்தம் எழுதமாட்டேன். யார், யாரிடம், என்ன கோபத்தில் சொன்னார் என்று எழுதுவேன். ‘கனூபியல்’ என்ற வார்த்தைக்கு என் நோட்டில் இருப்பது இது: “அக்கா, தம்பியைத் தூக்கி மாமன் மேல் எறிவது.” சிரிக்காதீர்கள். பிப்பை வளர்ப்பது அவன் அக்காவும் அவள் புருஷன் ஜோவும். தம்பதிக்குள் எறியப்படும் ஏவுகணையாக நான் பயன்பட்டேன் என்று பிப் சொல்கிறான், அந்த ‘தம்பதிக்குள்’தான் கனூபியல். இருபது வருடமாக மறக்கவில்லை. பிடிஎஃபில் ‘தாம்பத்தியம் சார்ந்த’ என்று படித்திருந்தால் ஷிஃப்ட் முடிவதற்குள் போயிருக்கும்.

அதே அக்கா, பிப்பைத் தன் ‘கையால்’ வளர்த்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவாள். தாய்ப்பால் இல்லாமல் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள் என்பது பொருள். பையன் அவள் அடிக்கும் கையைத்தான் பார்த்திருக்கிறான், அதனால் தானும் மாமனும் இரண்டு பேருமே ‘கையால்’ வளர்க்கப்பட்டவர்கள் என்று நினைத்துக்கொள்கிறான். வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு சிறுவனிடமிருந்துதான் சார் அந்தக் கதையே தொடங்குகிறது.

இப்போது வருவார்கள். “அண்ணே, வேலைக்குப் போகிறவனுக்குப் பதினான்கு மாதம் ஏது, அடுத்த மாதம் ஐஇஎல்டிஎஸ்” என்று. நியாயம். அடுத்த மாதம் பரீட்சை என்றால் டிக்கன்ஸைத் தொடாதீர்கள், மாதிரி வினாத்தாளைப் போட்டுப் பழகுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். “இது காலனிய அடிமைப் புத்தி” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை ஐஃபோனில் டைப் செய்திருந்தார், விடுங்கள். “நீங்களே வாரம் பத்து வார்த்தை என்று பட்டியல் போட்டீர்களே?” என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டான். ஆமாம், போட்டேன். ‘பிஹெல்ட்’ அந்தப் பட்டியலில்தான் இருந்தது. எதிரே ‘பார்த்தான்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். பழைய நடை என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

“1861இல் முடிந்த கதை, அந்த வார்த்தைகளை இப்போது யார் பேசுகிறார்கள்?” இதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சாரும் இதைத்தான் கேட்டார்.

8ஆம் அத்தியாயம். பெரிய வீட்டில் பிப்பும் அங்கே வளரும் எஸ்டெல்லா என்ற பெண்ணும் சீட்டு விளையாடுகிறார்கள். நாம் ஜாக்கி என்கிறோமே, அந்தச் சீட்டை அவன் ‘ஜாக்’ என்று சொல்லிவிடுகிறான். பெரிய வீட்டுக்காரர்களுக்கு அது ‘நேவ்’. உடனே அவள், இந்தப் பையன் நேவை ஜாக் என்கிறான் என்று இளக்காரமாகச் சொல்லி, அவன் கை எவ்வளவு முரடு, பூட்ஸ் எவ்வளவு தடி என்று அடுக்குகிறாள். அந்த முரடுக்கு அவள் சொல்லும் வார்த்தை ‘கோர்ஸ்’. எனக்கு அதுவரை கோர்ஸ் (coarse) என்றால் தடித்த நூல், கம்பெனியில் கோர்ஸ் கவுண்ட் என்போமே, அது. மனிதக் கைக்கும் அதைச் சொல்வார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சரி, இன்று சீட்டுக்கட்டில் என்ன எழுத்து இருக்கிறது சார்? ‘ஜே’. எஸ்டெல்லாவின் ‘நேவ்’ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. கொல்லன் பட்டறைப் பையனின் வார்த்தைதான் இன்று நம் மேசையிலும் விழுகிறது.

அந்தப் பையன் அதற்கு முந்தைய அத்தியாயத்தில் சிலேட்டில் ஒரு கடிதம் எழுதுவான். எழுத்துக்கு எழுத்து பிழை. மாமன் ஜோவுக்கு அதில் தன் பெயரின் ஜே, ஓ தவிர ஒன்றும் படிக்கத் தெரியாது. அவர் சிரிக்கவில்லை. நீ எவ்வளவு பெரிய படிப்பாளி என்கிறார்.

பேசிக்கொண்டே எங்கோ வந்துவிட்டேன். சொல்லிவிடுகிறேன். 2009இல் நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆகிவிட்டேன், சரக்கு வாங்கும் பையரோடு நேராகப் பேசுவேன். ஒருநாள் மதியம் அப்பா சாப்பாட்டுக் கேரியரோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். சாயப்பட்டறையில் வேலை, நகக்கண்ணில் நீலம் போகவே போகாது. பையரைப் பார்த்ததும் கும்பிட்டு, “யூ ஈட் சார்?” என்றார். பையர் சிரித்தபடி தலையாட்டினார், நல்ல மனிதர். நான்தான் “‘ஹேவ் யூ ஈட்டன்’னு சொல்லணும்ப்பா, நீங்க கீழ போய் உக்காருங்க” என்றேன். அப்பா, “சரிங்க சார்” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

27ஆம் அத்தியாயத்தில் ஜோ, பெரிய மனிதனாகிவிட்ட பிப்பைப் பார்க்க லண்டனுக்கு வந்து, வளர்த்த பையனையே ‘சார்’ என்று கூப்பிடுவார். அவர் தொப்பி வைத்த இடத்தில் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும், பிப்புக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். 2004இல் அதைப் படித்து நோட்டில் நாலு வார்த்தை குறித்திருக்கிறேன். அதோடு சரி.

தங்கச்சி, யாராவது இதை உனக்கு அனுப்பினால்: நீ கடைசியாக 22ஆம் அத்தியாயத்தில் இருப்பதாகச் சொன்னாய். நிறுத்தாதே. சந்தேகம் இருந்தால் பழையபடி கமெண்டிலேயே கேள், தப்பாகவே கேள். அந்தப் பத்து வார்த்தைப் பதிவுகளை இன்று காலை எடுத்துவிட்டேன்.

மற்றவர்களுக்கு: இந்தப் பதிவின் கீழே அந்த பிடிஎஃபை விற்க வந்த மூன்று பேரை பிளாக் செய்தாகிவிட்டது. நாலாவது ஆளாக யாரும் வரவேண்டாம்.