டி33 எந்த சூட்டுல எடுத்தது?
கேஎன்என்ங்கிற ஈயமில்லாத பீசோ செராமிக்ல (பொட்டாசியம் சோடியம் நையோபேட், அழுத்தினா மின்னூட்டம் தர்ற வகை) டி33, அதாவது ஒரு நியூட்டன் விசைக்கு எவ்ளோ மின்னூட்டம் வருதுங்கிற அளவு, 400ஐ தாண்டியாச்சு, இனி வழக்கமா பயன்படுத்துற, ஈயம் கலந்த பிஇஸட்டி பீசோ செராமிக்க தூக்கிடலாம்னு ஒரு கட்டுரைல சொல்றது கொஞ்சம் அவசரமா படுது, ஏன்னா அந்த நம்பரெல்லாம் ரூம் டெம்பரேச்சர்ல எடுத்தது. 2004லயே நேச்சர் இதழ்ல சைட்டோங்கிற ஆராய்ச்சியாளரோட குழு கேஎன்என் வகைல 416 பிக்கோகூலோம்/நியூட்டன் காட்டிட்டாங்களே, இன்னமும் பிஇஸட்டி தானே ஓடுது. வெறும் கேஎன்என்ல ஆர்த்தோராம்பிக்ங்கிற படிக அமைப்புல இருந்து டெட்ராகோனல் அமைப்புக்கு மாறுறது சுமார் 200 டிகிரில, லித்தியம், டான்டலம், ஆன்டிமனி எல்லாம் போட்டு அந்த மாற்றத்த ரூம் டெம்பரேச்சர் பக்கம் இழுத்துட்டு வந்துதான் டி33ஐ ஏத்துறாங்க, அதனால கொஞ்சம் சூடு ஏறினாலே அந்த இடத்த விட்டு நகர்ந்து மதிப்பு இறங்கிடும், பிஇஸட்டில ரெண்டு படிக அமைப்புக்கு நடுவுல உள்ள எல்லை கலவை-வெப்பநிலை வரைபடத்துல கிட்டத்தட்ட செங்குத்தா நிக்குறதால, அதாவது சூடு ஏறினாலும் பெருசா நகராததால, இந்த தொல்லை ரொம்ப கம்மி. அந்த கட்டுரைக்கு கமெண்ட் போட்ட ஒருத்தர் க்யூரி வெப்பநிலைய (அதுக்கு மேல போனா பீசோ குணமே போயிடும்) ஏத்துனா சரியாயிடும்னு எழுதியிருக்கார், வெறும் கேஎன்என்னோட க்யூரியே 420 டிகிரி கிட்ட இருக்கு சார், பிஇஸட்டிய விட குறைச்சல் இல்ல. இன்னொன்னு, நான் இருந்த லேப்ல பாத்தது, சாம்பிள சூடாக்கி, ஆற வச்சு, அப்புறம் டி33 மீட்டர்ல வச்சுட்டு "150 டிகிரி வரைக்கும் ஸ்டேபிள்"னு எழுதுவாங்க, அது டீபோல் ஆகலன்னு, அதாவது மின்புலத்துல ஒழுங்குபடுத்தினது கலையலன்னு காட்டும் அவ்ளோதான், சூட்டுல இருக்கும்போது எவ்ளோ வேலை செய்யும்னு சொல்லாது. என்ன கேட்டா கால்சியம் சிர்கோனேட் சேர்த்து அந்த படிக மாற்றத்த ஒரே சூட்டுல நடக்க விடாம பல டிகிரிக்கு பரவலாக்குறது, இல்லன்னா வேற வேற கலவைய லேயர் லேயரா அடுக்குறது, இந்த ரெண்டும்தான் நம்பிக்கையா தெரியுது, உச்ச டி33 கொஞ்சம் குறைஞ்சாலும் டீசல் இன்ஜெக்டர் மாதிரி கொதிக்குற இடத்துக்கு அதுதான் லாயக்கு.