டல்லாஸ் மேவரிக்ஸ்: சரிவு மேலே இருந்து வந்தது

ஒரு அணி தோற்பதை நான் பொறுத்துக்கொள்வேன். எதிரணி நன்றாக ஆடினால் தோற்கலாம், முக்கியமான ஆள் காயப்பட்டால் தோற்கலாம். ஆனால் வீரர்கள் உயிரைக் கொடுத்து இறுதிப்போட்டி வரை கொண்டுபோன ஒரு அணியை, எட்டு மாதத்துக்குள் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கலைத்துப் போட்டதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் டல்லாஸ் மேவரிக்ஸைப் பற்றித்தான் சொல்கிறேன். அணியின் பெரிய நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை விற்றதைப் பற்றி அப்போதே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அதை ஒரே ஒரு இரவின் பைத்தியக்காரத்தனமாக மட்டும் பார்ப்பது போதாது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான், நிர்வாகம் ஒரு அணியை எப்படிக் கெடுக்கிறது என்பது புரியும்.

முதலில், அவர்கள் கையில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்லோவேனியாவிலிருந்து வந்த பையன். பத்தொன்பது வயதில் ரியல் மாட்ரிட்டுக்காக ஐரோப்பாவின் பெரிய கிளப் தொடரான யூரோலீக் கோப்பையை வென்று, அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வாங்கியவன். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018இல், முதல் இரண்டு இடங்களில் இருந்த ஃபீனிக்ஸும் சாக்ரமென்டோவும் அவனை விட்டுவிட்டன. மூன்றாவதாக எடுத்த அட்லாண்டா, டிரே யங்குக்காக அவனை டல்லாஸுக்குக் கைமாற்றியது. அதன்பின் ஐந்து வருடம் தொடர்ந்து ஆல்-என்பிஏ முதல் அணியில், அதாவது சீசனின் சிறந்த ஐந்து பேர் பட்டியலில் இடம். 2023-24 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 33.9 புள்ளி, லீகிலேயே முதலிடம்.

அந்த வருடம் மினசோட்டாவுக்கு எதிரான மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. டல்லாஸ் இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறது, மிச்சம் சில நொடிகள். லூக்காவின் எதிரே நிற்பது ரூடி கோபேர், அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கியவர், ஏழடி உயரம். பந்தைத் தட்டிக்கொண்டே அவரை இடமும் வலமும் அசைத்து, ஒரே எட்டில் பின்வாங்கி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தான். வலைக்குள் விழுந்தது. 109-108. இப்படி ஒரு ஆள் ஒரு அணிக்குத் தலைமுறைக்கு ஒருமுறை கிடைத்தாலே பெரிய விஷயம். டல்லாஸுக்கு டிர்க் நோவிட்ஸ்கி 21 சீசன் ஆடி ஓய்வு பெறும் நேரத்திலேயே அடுத்தவனும் கிடைத்துவிட்டான்.

அந்த 2024 இறுதிப்போட்டியில் பாஸ்டனிடம் 4-1 என்று தோற்றார்கள். அதனால் என்ன? அணியின் இளமையைப் பார்த்தால் இன்னும் நாலைந்து வருடம் கோப்பைக்கு முட்டி மோதலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2025 பிப்ரவரி 2. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே நள்ளிரவை ஒட்டிய நேரம். லூக்கா லேக்கர்ஸுக்குப் போகிறான், ஆண்டனி டேவிஸ் டல்லாஸுக்கு வருகிறார் என்று என்பிஏ செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா செய்தி போட்டார். அவருடைய கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலரும் நம்பினார்கள். லூக்காவுக்கும் இது முன்கூட்டித் தெரியாது. லேக்கர்ஸின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸுக்குத் தெரியாது. டல்லாஸின் பயிற்சியாளர் ஜேசன் கிட்டுக்கே கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள். பொது மேலாளர் நிகோ ஹாரிசனும் லேக்கர்ஸின் ராப் பெலிங்காவும் ஜனவரியில் டல்லாஸில் ஒரு காப்பி நேரத்தில் ஆரம்பித்த பேச்சு இது. இருவரும் ரொம்ப நாள் பழக்கம். பெலிங்கா ஒருகாலத்தில் கோபி பிரயன்ட்டின் ஏஜென்ட், ஹாரிசன் நைக்கியில் கோபியோடு வேலை பார்த்தவர்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். லூக்காவை விற்கவே கூடாது என்றுகூட நான் வாதாடவில்லை. ஹாரிசன் தரப்பில் சொன்ன காரணங்களில் கொஞ்சம் உண்மையும் உண்டு. லூக்காவின் உடல் எடை, பயிற்சி ஒழுங்கு, தற்காப்பில் காட்டிய அலட்சியம், நடுவர்களோடு ஓயாத சண்டை. பாஸ்டனுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் ஆறு ஃபவுல் வாங்கி முக்கியமான கட்டத்தில் வெளியே போய் உட்கார்ந்ததை நானும் பார்த்தேன். 2024 கிறிஸ்துமஸ் அன்று கெண்டைக்கால் காயம் வேறு. அடுத்து ஐந்து வருடத்துக்கு 345 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கேட்கும் தகுதி அவனுக்கு வரவிருந்தது. அவ்வளவு பணத்தை இவனிடம் கட்டலாமா என்று ஒரு நிர்வாகம் யோசிப்பது தப்பில்லை.

சரி, விற்க முடிவு செய்தாயிற்று. அப்புறம் செய்ய வேண்டியது என்ன? ஒரு பழைய ஸ்கூட்டரை விற்பவர்கூட நாலு பேரிடம் விலை கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். ஹாரிசன் ஒரே ஒரு அணியோடு பேசினார். செய்தி வெளியே கசிந்தால் ரசிகர்களின் எதிர்ப்பே வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் மூடி வைத்தார். மற்ற அணிகள் ஏலம் கேட்கவே வழியில்லாமல் போனது.

கிடைத்தது என்ன? டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸின் 2029 முதல் சுற்றுத் தேர்வு ஒன்று, அதாவது அந்த வருட டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு வீரரை எடுக்கும் உரிமை. அவ்வளவுதான். சில மாதங்களுக்கு முன்புதான், 2024 கோடையில், மிக்கல் பிரிட்ஜஸுக்காக நியூயார்க் நிக்ஸ் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்திருந்தது. பிரிட்ஜஸ் நல்ல வீரர்தான், ஆனால் ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆனதில்லை. 2022இல் ரூடி கோபேருக்கு மினசோட்டா கொடுத்தது நான்கு. 25 வயது லூக்காவுக்கு ஒன்று! லேக்கர்ஸ் கையில் அப்போது 2031 தேர்வும் இருந்தது, ஆஸ்டின் ரீவ்ஸும் இருந்தார். இரண்டையும் டல்லாஸ் வாங்கவில்லை.

டேவிஸ் பெரிய வீரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த மாதம் அவருக்கு 32 வயது ஆகவிருந்தது. காயங்களின் பட்டியல் ஊருக்கே தெரியும். பரிமாற்றம் நடந்த அன்றும் வயிற்றுத் தசைக் காயத்தோடுதான் இருந்தார். ஒருவனுடைய உடல்தகுதியை நம்ப முடியாது என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, அவனைவிட ஆறு வயது மூத்த, அடிக்கடி காயப்படுகிற ஒருவரை வாங்குவதில் என்ன கணக்கு இருக்கிறது? தற்காப்புதான் கோப்பையை வெல்லும் என்றார் ஹாரிசன். டேவிஸ் டல்லாஸுக்காக இறங்கிய முதல் ஆட்டத்தில் 26 புள்ளி, 16 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்துக்கு மேல் ஆடவில்லை.

லூக்காவும் இல்லை, டேவிஸும் இல்லை என்று ஆனதும் சுமை முழுவதும் அணியின் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங் தலையில் விழுந்தது. 32 வயதில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஓய்வே இல்லாத அளவுக்கு நிமிடங்கள். மார்ச் 3, சாக்ரமென்டோவுக்கு எதிராக முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது. கண்ணீரோடு ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்து, இரண்டையும் போட்டுவிட்டு வெளியே போனார். அந்தக் காயத்துக்கு நிர்வாகம்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆள் விழுந்தால் தாங்க இன்னொரு ஆள் இல்லாதபடி அணியை அமைத்தது யார்? மார்ச் நடுவில் ஆட்டத்துக்குத் தேவையான எட்டுப் பேரைத் திரட்டவே திண்டாட வேண்டியிருந்தது. அதே மார்ச்சில் சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றினார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்க வேண்டியவர்கள் மருத்துவக் குழுவினர். டிர்க் காலத்திலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் வீரர்களின் உடலைக் கவனித்துக்கொண்ட கேசி ஸ்மித்தை 2023இலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவரை நியூயார்க் எடுத்துக்கொண்டது.

நியூயார்க் என்றதும் ஜேலன் பிரன்சன் ஞாபகம் வராமல் இருக்காது. லூக்கா வந்த அதே 2018 டிராஃப்டில் இரண்டாம் சுற்றில், 33ஆவதாக டல்லாஸ் எடுத்த பையன். நான்கு வருடத்துக்கு சுமார் 55 மில்லியன் டாலருக்கு அவனை உறுதி செய்துகொள்ளும் வாய்ப்பு அணிக்கு இருந்தது. தயங்கினார்கள். 2022 பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், லூக்கா காயத்தால் ஆடாத ஆட்டத்தில் யூட்டாவுக்கு எதிராக பிரன்சன் 41 புள்ளி எடுத்தான், ஒரு பந்தைக்கூடப் பறிகொடுக்காமல். அந்தக் கோடையிலேயே 104 மில்லியனுக்கு நிக்ஸுக்குப் போய்விட்டான். பதிலுக்கு டல்லாஸுக்குக் கிடைத்தது பூஜ்யம். 2025இல் நியூயார்க்கை 25 வருடத்துக்குப் பிறகு கிழக்குப் பிரிவு இறுதித் தொடருக்குக் கொண்டுபோனது அவன்தான். லூக்கா, பிரன்சன் இரண்டு பேரும் போனது ஹாரிசன் பொறுப்பில் இருந்த நான்கே வருடத்தில்.

ஹாரிசன் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவதும் நியாயமில்லை. இது அந்த அணியின் பழைய வியாதி. 2004இல் ஸ்டீவ் நாஷுக்கு ஃபீனிக்ஸ் கொடுத்த விலையைக் கொடுக்க அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் மறுத்தார். நாஷ் அடுத்த இரண்டு வருடமும் லீகின் சிறந்த வீரர். 2011இல் மயாமியை வீழ்த்தி கோப்பை வாங்கிய கையோடு, அந்தத் தற்காப்பின் முதுகெலும்பாக இருந்த டைசன் சாண்ட்லரைச் சம்பள வரம்பில் இடம் வேண்டும் என்று போகவிட்டார்கள். அந்த இடத்தில் வந்து உட்காருவார் என்று எதிர்பார்த்த பெரிய நட்சத்திரம் யாரும் வரவில்லை. சாண்ட்லர் அடுத்த வருடமே நியூயார்க்கில் சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கினார். டல்லாஸ் அடுத்து ஒரு பிளேஆஃப் தொடரை வெல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிர்க்கின் கடைசி நல்ல வருடங்கள் அதில் கரைந்தன.

ஆனால் கியூபன் காலத்துக்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் தப்பு செய்தாலும் அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், ரசிகர்களின் கோபம் நேரே அவருக்குத்தான் போகும். 2023 டிசம்பரில் பெரும்பான்மைப் பங்கை மிரியம் ஏடெல்சன் குடும்பத்துக்கு விற்றார். கூடைப்பந்து முடிவுகள் தன்னிடமே இருக்கும் என்று நம்பினார், அது நடக்கவில்லை. அணியின் பொறுப்புக்கு வந்த பேட்ரிக் டூமோன் சூதாட்ட விடுதித் தொழிலிலிருந்து வந்தவர், கூடைப்பந்துக்குப் புதியவர். விஷயம் தெரிந்தவர் என்று ஹாரிசனை நம்பினார். “வேண்டாம், இன்னும் இரண்டு நாள் பொறு, வேறு யாரிடமாவது கேட்டுப் பார்” என்று சொல்லக்கூடிய ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தச் சரிவின் வேர் அதுதான். தப்பான முடிவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதைத் தடுத்து நிறுத்த ஆளே வைத்துக்கொள்ளாதது நிர்வாகக் கோளாறு.

ரசிகர்கள் அரங்குக்கு வெளியே டிர்க் சிலை அருகே சவப்பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே ஃப்ரீ த்ரோ எறியும் அமைதியான நேரங்களில் ஹாரிசனை நீக்கு என்று கத்தினார்கள். சிலரைப் பாதுகாவலர்கள் வெளியேற்றினார்கள். ஏப்ரல் 9 அன்று லூக்கா லேக்கர்ஸ் சட்டையில் திரும்பி வந்தான். இருக்கைதோறும் ஸ்லோவேனிய மொழியில் நன்றி சொல்லும் டி-ஷர்ட் விரித்திருந்தார்கள். நினைவுக் காணொளி ஓடியபோது அவன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு இறங்கி 45 புள்ளி எடுத்தான். சொந்த அரங்கின் கூட்டம் எதிரணிக்காரன் எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் எழுந்து ஆர்ப்பரித்தது. ஊரின் பாசத்துக்கு நிர்வாகத்தின் கணக்கில் மதிப்பே இல்லாமல் போனதற்கு அந்த இரவைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அந்த சீசன் 39 வெற்றி, 43 தோல்வி. மெம்ஃபிஸிடம் தோற்று பிளேஆஃப் வாசலிலேயே முடிந்தது.

அப்புறம் அதிர்ஷ்டம் அடித்தது. வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு, டிராஃப்ட் வரிசையை முடிவு செய்யும் லாட்டரியில் முதலிடம். அந்த முதல் தேர்வில் கூப்பர் ஃபிளாக் வந்தான். நிர்வாகத்தின் திட்டம் சரிதான் என்பதற்கு அத்தாட்சி மாதிரி சிலர் அதைப் பேசினார்கள், எனக்குக் கேட்கவே கசந்தது. லாட்டரிப் பந்து விழுந்ததற்கு யாரும் திட்டம் போடவில்லை. 2025 அக்டோபரில் சீசன் தொடங்கியபோது இர்விங் இன்னும் குணமாகவில்லை, அணியில் பந்தை நடத்திச் செல்ல ஒழுங்கான பாயின்ட் கார்டு இல்லை. ஆறடி ஒன்பது அங்குலம் உயரமுள்ள, வாழ்நாளெல்லாம் ஃபார்வர்டாக ஆடிய பதினெட்டு வயதுப் பையனிடம் அந்த வேலையையும் கொடுத்தார்கள். 11 ஆட்டத்தில் 3 வெற்றி. நவம்பர் 11 அன்று ஹாரிசனை நீக்கினார்கள். 2026 பிப்ரவரியில் டேவிஸையும் வாஷிங்டனுக்கு அனுப்பியாயிற்று.

ஹாரிசன் போய்விட்டார், கணக்கு முடிந்தது என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இர்விங், பி.ஜே. வாஷிங்டன், டேனியல் கேஃபோர்டு, கிராண்ட் வில்லியம்ஸ் ஆகியோரை வாங்கிய வியாபாரங்களில் 2027, 2028, 2029, 2030 என நான்கு வருடத்து முதல் சுற்றுத் தேர்வுகளும் டல்லாஸின் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. சிலவற்றைக் கொடுத்துவிட்டார்கள், சிலவற்றை மாற்றிக்கொள்ளும் உரிமையை வேறு அணிகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். லூக்காவைச் சுற்றிக் கோப்பை வெல்லலாம் என்ற நம்பிக்கையில் அடகு வைத்தவை அவை. லூக்காவை விற்றபோது அந்த அடகை மீட்கும் அளவுக்காவது தேர்வுகள் கேட்டு வாங்கியிருக்கலாம். ஃபிளாக்கின் முதல் ஒப்பந்தம் 2029 கோடை வரை. 2027இலிருந்து அதுவரை அவனோடு சேர்ந்து வளர ஒரு நல்ல இளம் துணையை, தோற்ற வருடங்களின் பலனாகக்கூட, அணியால் சுலபமாக எடுக்க முடியாது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தான் வருவதற்கு முன்பே யாரோ வாங்கிய கடனை ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டிக்கொண்டிருக்கிறான்.