கைவிட்டது ஆர் தம்பி?

நேற்று இரவிலயிருந்து இன்பொக்ஸில பதினொரு பேர் ஒரே வீடியோவை அனுப்பியிருக்கினம். ஓம், நானும் பாத்தனான். இருபத்திரண்டு நிமிசமும் இருந்து பாத்தனான். ஆற்ற வீடியோ எண்டு நான் சொல்லேல்லை, உங்களுக்கே தெரியும். யாழ்ப்பாணத்து வடக்குக் கரையில இருக்கிற எங்கட காங்கேசன்துறை சீமெந்து பக்ரறியை ட்ரோனால மேல நிண்டு காட்டி, பின்னுக்குப் பேய்ப்பட மியூசிக் போட்டு, "கைவிடப்பட்ட மர்மத் தொழிற்சாலை" எண்டு தலைப்பு. எண்ணிப் பாத்தன், ஒன்பது தரம் "கைவிடப்பட்ட" எண்டு சொல்லுறார்.

தம்பி, ஆர் கைவிட்டது?

எனக்கு இந்த ஒரு கேள்விதான். கைவிடுறது எண்டா வேண்டாம் எண்டு விட்டுட்டுப் போறது. 1990 ஜூனில சண்டை திரும்பத் துவங்க, காங்கேசன்துறையைச் சுத்தின வலிகாமம் வடக்குச் சனம் அடுப்பில உலை வச்சபடி, கையில அம்பிட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினது. ரெண்டு மூண்டு நாளில திரும்பிடலாம் எண்டு எங்கட அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகினவ. பக்ரறியும் அந்த வருசத்தோட நிண்டது. பேந்து அந்தப் பக்கமெல்லாம் சனம் போகேலாத, ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயம். பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது 2017 ஜூலையில, கணக்குப் பாத்தா 27 வருசம். இவ்வளவு காலம் கம்பி வேலிக்கு வெளியில நிண்ட சனத்தைப் பாத்து "கைவிட்டுட்டினம்" எண்டு சொன்னா அது என்ன ஞாயம்?

"வெள்ளைக்காரன் கட்டிப்போட்டுப் போனது" எண்டும் ஒரு வசனம் வருது. கேட்டோடன சிரிப்புத்தான் வந்தது. அங்க சீமெந்து உற்பத்தி துவங்கினது 1950இல, சுதந்திரம் கிடைச்சு ரெண்டு வருசத்தால. ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சரா இருந்த காலம். காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் கெமிக்கல், வாழைச்சேனை கடதாசி ஆலை எண்டு மூண்டையும் ஒரே மூச்சில சொல்லுவினம் எங்கட பழைய ஆக்கள். ட்ரோன் வாங்கக் காசிருக்கு, ஊரில ஒரு கிழவனோட இருந்து பத்து நிமிசம் கதைக்க நேரமில்லை. சரி, நான் கத்தேல்லை. அமைதியாத்தான் எழுதுறன்.

எங்கட அப்பா அங்க பை கட்டுற பகுதியில வேலை செய்தவர். சேட் பொக்கற்றுக்குள்ள எப்பவும் ஒரு சிட்டிகை சீமெந்துத் தூள் கிடக்கும். அம்மா பாக்காமத் தோய்ச்சா பொக்கற்றின்ர மூலை கல்லா இறுகிப்போடும், பேந்து நகத்தால உடைச்சு எடுக்கிறது என்ர வேலை. எங்கட பள்ளிக்கூடக் கொப்பியளுக்குச் சீமெந்துப் பையின்ர உள் பேப்பரிலதான் உறை. கடை பிறவுண் பேப்பரில உறை போட்ட பிள்ளையளைப் பாத்து எனக்கு எரிச்சலா இருந்தது, அவையளுக்கு என்ர உறையைப் பாத்து எரிச்சல், ஏனெண்டா எங்கடது கிழியாது! அப்பாவுக்கு அந்த வேலையில இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. சுண்ணக்கல்லு இங்க, களி மன்னார்ப் பக்கத்து முருங்கனிலயிருந்து ரயிலில வருது, கிளிங்கர் எண்டுற சுட்ட கட்டி தெற்கில இருக்கிற காலி ஊர் வரைக்கும் போய் அங்க அரைபடுது எண்டு சாப்பிடேக்கயும் அதே கதை. ஒரு நாட்டின்ர மேல் நுனியிலயிருந்து கீழ் நுனிக்கு எங்கட கல்லுப் போகுது எண்டு சோத்தில கோடு கீறிக் காட்டுவார். இதையெல்லாம் மர்மம் எண்டா எனக்குச் சுடாதோ?

இப்ப வருவினம் சிலர். "பெடியன் எங்கட இடத்தை உலகத்துக்குக் காட்டுறான், சந்தோசப்படாமல் ஏன் குத்தம் பிடிக்கிறீங்கள்?" காட்டட்டும், நல்லாக் காட்டட்டும். ஆனா செத்தவீட்டைக் காட்டேக்க வாசலில நிண்டு "இஞ்ச பாருங்கோ வெறும் வீடு, ஆக்களே இல்லை" எண்டு சொல்லுவியளோ? அந்தக் கல்லுக்கிடங்கை "வடிவான நீலக் குளம்" எண்டு வேற சொல்லுறார். அது குளமில்லை ஐயா. சீமெந்துக்குக் கல்லுக் கிண்டின கிடங்கு, கிண்டினது நிண்டாப்பிறகு தண்ணி நிறைஞ்சு போச்சு. உமக்கு வியூஸ் வேணும், எடும். சனத்தின்ர வாழ்க்கையைப் பேய்க்கதையாக்கி எடுக்காதையும், அவ்வளவுதான்.

இன்னொருத்தர் ஏற்கனவே கொமென்ற் போட்டிட்டார், "அந்தப் பக்ரறி நிலத்தைக் கிண்டி நாசமாக்கினதுதானே" எண்டு. ஓம், அது உண்மை. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, நாங்கள் குடிக்கிற தண்ணி அந்தச் சுண்ணக்கல்லுக்குள்ளதான் நிக்குது, கடலுக்குப் பக்கத்தில அந்தக் கல்லை அள்ளினா உப்புத்தண்ணி உள்ளுக்கு வாற ஆபத்து இருக்கு. நான் திரும்பப் பக்ரறியைத் திற எண்டு எங்கயாவது எழுதியிருக்கிறனோ? இல்லையே. பேந்தென்ன? தண்ணிக் கதையை இன்னொரு நாளைக்குக் கதைப்பம், இண்டைக்கு என்ர கேள்வி வேற.

போன வருசம் தங்கச்சியின்ர மகனைக் கூட்டிக்கொண்டு நானும் போனனான். யாழ்ப்பாணத்திலயிருந்து ரயிலில போனம். 2015 ஜனவரியில திரும்ப ஓடத் துவங்கின பாதை, அதுக்கு முதல் இருபத்தைஞ்சு வருசமளவு ரயிலே ஓடேல்லை. றோட்டில நிண்டே சிலோவையும் எலும்புக்கூடு மாதிரி நிக்கிற கட்டிடங்களையும் பாத்தம், உள்ளுக்குப் போகேல்லை. அப்பா பேர் பேராச் சொன்ன மிசின் ஒண்டும் கண்ணில படேல்லை. திரும்பி வாற வழியில ஒரு மதிலடியில பெரிய கல்லொண்டு கிடந்தது. பெடியன் அதில ஏறி நிண்டிட்டு, "பெரியம்மா இதென்ன தலகணி மாதிரி இருக்கு" எண்டான். குனிஞ்சு பாத்தா அது கல்லே இல்லை. ஒரு பை சீமெந்து, மழையில அப்பிடியே இறுகிப்போய்க் கிடக்கு. பேப்பர் எல்லாம் உக்கிப் போச்சு. பையின்ர மடிப்பு அப்பிடியே பதிஞ்சிருக்கு, வாயில தையல் போட்ட வரியும் தெரியுது. எந்தப் பக்ரறிப் பையோ, எந்த வருசப் பையோ, எனக்கென்ன தெரியும். நான் அதில கை வச்சுக்கொண்டு கனநேரம் நிண்டனான், பெடியன் பயந்திட்டான்.

"ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு நீட்டுப் போஸ்ட்" எண்டு கேக்கிறாக்களுக்கும் சொல்லுறன். சீமெந்துச் சூளை ஒரு பெரிய இரும்புக் குழாய், படுத்தபடி சுத்திக்கொண்டே இருக்கும், உள்ளுக்கு 1450 பாகை சூடு. சூடா இருக்கேக்க சுத்துறது நிண்டா அந்தக் குழாயே வளைஞ்சுபோகும். அதால நிப்பாட்டுறதெண்டாலும் உடன நிப்பாட்டேலாது, மெல்ல மெல்லச் சுத்திச் சுத்தித்தான் ஆறவிடோணும், பக்கத்தில ஆள் நிக்கோணும். அப்பா 2011இல மோசம் போனவர். கடைசி வருசங்களில வவுனியா வீட்டுத் திண்ணையில இருந்துகொண்டு திடீர் திடீரெண்டு கேப்பார்: "90இல நாங்கள் வெளிக்கிட்டாப்பிறகு சூளையை ஆர் பிள்ளை சுத்தி ஆறவிட்டிருப்பினம்?" எனக்கு என்ன பதில் சொல்லுறதெண்டு தெரியாது. "ஆரும் நிண்டிருப்பினம் அப்பா" எண்டு சொல்லுவன். "ஓம், ஆரும் நிண்டிருப்பினம்" எண்டு தலையை ஆட்டிட்டு, அடுத்த கிழமை திரும்பக் கேப்பார்.

தம்பி, வீடியோவை அழிக்க வேண்டாம். அந்தத் தலைப்பை மட்டும் மாத்திவிடும்.