சோலார் பேனலுக்குக் கீழே வெள்ளாமை பண்ணலாமாம். அதைப் பத்திரத்தில் எழுதித் தருவார்களா?

போன மாசம் தாராபுரத்துக்குத் தெற்கே மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். திண்ணைக் கட்டிலில் ஒரு ஃபைல் கிடந்தது. முப்பது பக்கம் இருக்கும், அத்தனையும் ஆங்கிலம். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் வைத்துவிட்டுப் போனதாம்.

"மாப்ள, நாலரை ஏக்கரா மேட்டாங்காட்டைக் கேக்கறாங்க. இருவத்தஞ்சு வருசத்துக்கு வாடகை. பேனலுக்கு அடியில நீங்க பாட்டுக்கு வெள்ளாமை பண்ணிக்கலாமுங்கன்னு சொல்லிப்போட்டுப் போனாரு. அது இதுல எங்க எழுதியிருக்குதுன்னு பாரு."

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து படித்தேன். எங்கேயும் இல்லை. அதற்கு நேர்மாறாக ஒரு ஷரத்து மட்டும் இருந்தது: பேனல் மீது நிழல் விழும்படி எந்தச் செடி கொடியும் வளர விடக்கூடாது. வாயில் வெள்ளாமை, பத்திரத்தில் வெற்று நிலம்.

சோலார் வேண்டாம் என்று கொடி பிடிக்க இதை எழுதவில்லை. பேனலும் பயிரும் ஒரே நிலத்தில் இருக்க முடியும் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையை வைத்து யார் யாரை ஏமாற்றலாம் என்பதுதான் என் கவலை.

முதலில் நிழலைப் பற்றி. நிழல் விழுந்தால் பயிர் கெட்டுவிடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் சித்திரை மாசத்தில் கொத்தமல்லி போடுகிறவர் தோட்டத்தைப் போய்ப் பார்க்கட்டும். பாதி வெயிலை மறைக்கிற பச்சை நிழல்வலையைக் காசு கொடுத்து வாங்கிக் கட்டியிருப்பார். வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் அகத்தியைத்தான் விதைப்பார்கள். அது வளர்ந்து நிழல் கொடுத்த பிறகுதான் கொடியை நடுவார்கள். எங்கள் பக்கத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் அப்படித்தான்: சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். வைகாசியில் காடு முழுக்கப் புல் காய்ந்து கிடக்கும்போதும் மரத்தடிப் புல்லில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும். ஆட்டுக்கு அது நன்றாகத் தெரியும், நேராக அங்கேதான் போகும். ஒரே நிலத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்பது நமக்கு யாரும் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இல்லை.

மரத்துக்குப் பதில் பேனலை வைக்கலாம் என்று 1981-ல் எழுதியவர்கள் ஜெர்மனியின் அடால்ஃப் கெட்ஸ்பெர்கரும் ஆர்மின் சாஸ்ட்ரோவும். அவர்கள் பேசியது உருளைக்கிழங்கைப் பற்றி. சூரிய ஆற்றலுக்கான ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தை நிறுவியவர் கெட்ஸ்பெர்கர். அந்த நிலையமே 35 வருஷம் கழித்து, 2016-ல், கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் ஹெகல்பாக் என்ற ஊரில், இயற்கை விவசாயம் செய்கிற ஒரு பண்ணையில் இதைச் செய்து பார்த்தது. 194 கிலோவாட். பேனல்கள் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில், அறுவடை இயந்திரம் அடியில் தாராளமாகப் போகும்படி. தரையில் விழுந்த வெயில் சுமார் 30 விழுக்காடு குறைந்தது.

முதல் வருஷம், 2017-ல், பெருமைப்பட ஒன்றுமில்லை. கோதுமை, உருளை, செலரி மூன்றிலும் மகசூல் 18, 19 விழுக்காடு அடி வாங்கியது. அடுத்த வருஷம் ஐரோப்பாவே வெந்து காய்ந்த கோடை. அந்த 2018-ல் பேனலுக்குக் கீழே இருந்த உருளை திறந்த வயலைவிட 11 விழுக்காடு கூடுதலாகவும், செலரி 12 விழுக்காடு கூடுதலாகவும் விளைந்தன. அதே நிலத்தில் உருளை மட்டும் போட்டால் நூறு, பேனல் மட்டும் வைத்தால் நூறு என்று வைத்துக்கொண்டால், தூண் பிடித்த இடத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் உருளை 103, மின்சாரம் 83, ஆக மொத்தம் 186. அதாவது நூறு சென்ட் நிலம் நூற்றெண்பத்தாறு சென்டின் வேலையைப் பார்த்திருக்கிறது. மழை பெய்து செழித்த வருஷத்தில் நஷ்டம், வறண்ட வருஷத்தில் லாபம். நம் ஊரில் எந்த மாதிரி வருஷம் அதிகம் வரும்?

வெயில் ஊர்க் கணக்கு வேண்டுமானால் அரிசோனா பாலைவனத்தைப் பார்க்கலாம். அங்கே பல்கலைக்கழகக்காரர்கள் பேனலுக்கு அடியில் மிளகாயும் தக்காளியும் வைத்துப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். சில்டெபின் என்கிற காட்டு மிளகாய் மூன்று மடங்கு காய்த்தது, செர்ரித் தக்காளி இரண்டு மடங்கு. ஹலபேனோ மிளகாய் காய்ப்பில் மாற்றம் இல்லை, ஆனால் இலை வழியாகப் போன தண்ணீர் 65 விழுக்காடு மிச்சம். எனக்கு இதைவிடச் சுவாரசியமாகத் தோன்றியது வேறொன்று. கீழே செடிகள் மூச்சுவிட்ட ஈரத்தில், மேலே இருந்த பேனல்கள் பகலில் ஏறத்தாழ 9 டிகிரி குளிர்ந்திருக்கின்றன. பேனலுக்குச் சூடு ஆகாது. ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி 0.4 விழுக்காடு அளவுக்கு இறங்கும். பயிருக்குப் பேனல் குடை, பேனலுக்குப் பயிர் விசிறி.

அது சின்னப் பாத்தியில் ஒரு கோடைகாலம் மட்டும் நடந்த சோதனை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதைக் காட்டி நாலரை ஏக்கருக்கு யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லாப் பயிரும் குடையைக் கேட்காது. மிளகாய், தக்காளி, உருளை போன்றவை ஓர் அளவுக்கு மேல் வரும் வெளிச்சத்தைப் பயன்படுத்துவதில்லை, உச்சி வெயிலில் இலைத்துளையை மூடிக்கொண்டு சும்மா இருக்கும். சோளமும் கம்பும் மக்காச்சோளமும் கரும்பும் வேறு ஜாதி. எத்தனை வெயில் கொடுத்தாலும் தின்னும், மறைத்தால் மகசூலில் காட்டிவிடும். மாமாவின் மேட்டாங்காட்டில் மழைக்கு விதைப்பது மாட்டுத் தீவனச் சோளம். புரோக்கர் இதையெல்லாம் கேட்கவே இல்லை.

உயரமும் அப்படித்தான். டிராக்டர் நுழைய வேண்டும் என்றால் பேனலைத் தூக்கிக் கட்ட வேண்டும். தூக்கினால் இரும்பு கூடும், கான்கிரீட் கூடும், செலவு கூடும். எங்கள் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்கு வெறும் பழமொழி இல்லை, இத்தனை காற்றாலைகளை இங்கே கொண்டுவந்து நட்டதே அந்தக் காற்றுதான். ஜெர்மனியில் 5 மீட்டர் உயரத்தில் நிற்பதை இங்கே நிறுத்த என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற எந்தக் கம்பெனியும், முடிந்தவரை தரையோடு தரையாகத்தான் பதிக்கப் பார்க்கும். இடுப்பு உயரத்துப் பேனலுக்குக் கீழே ஆடு மேயலாம். களை எடுக்கப் பொம்பளையாட்கள் தவழ்ந்துதான் போக வேண்டும். (மயில் வந்து உட்கார்ந்து பேனல் முழுக்க எச்சம் போடும் என்பதற்கு இதுவரை யாரிடமும் பதில் கேட்டுப் பெறவில்லை.)

ஆகவே, நிழலில் விளையுமா என்பது இப்போது பெரிய கேள்வி இல்லை. விளையாவிட்டால் யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. இதில் மற்ற நாடுகள் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். ஜப்பான் 2013-லேயே எழுதிவிட்டது: பேனலுக்குக் கீழே விளைவது அந்த வட்டார சராசரியில் 80 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, அனுமதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜெர்மனி 2021-ல் வகுத்த தரவிதியில் 66 விழுக்காடு. பிரான்ஸ் 2024 ஏப்ரலில் போட்ட ஆணைப்படி 90. அதை அளக்கப் பக்கத்திலேயே பேனல் இல்லாத ஒப்பீட்டுத் துண்டு நிலம் ஒன்றும் பொதுவாக வைத்திருக்க வேண்டும். இத்தாலி அதே வருஷம் விளைநிலத்தில் தரையோடு பேனல் பதிப்பதற்கே தடை போட்டு, பயிருக்கு மேலே உயர்த்திக் கட்டுவதற்கு மட்டும் வழி விட்டது.

எண்பதோ அறுபத்தாறோ தொண்ணூறோ, எது சரி என்று நான் வாதாடப் போவதில்லை. ஓர் எண் இருக்கிறது. அது எழுத்தில் இருக்கிறது. அது குறைந்தால் பேனல்காரர் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நம்மிடம் 2019-ல் பிஎம்-குசும் என்று விவசாயிகளுக்கான மத்திய அரசின் சோலார் திட்டம் வந்தது. அதன் முதல் பிரிவில் 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை விவசாயி தன் நிலத்தில் வைத்து மின்சாரம் விற்கலாம். தரிசு என்றால் அப்படியே வைக்கலாம். விளைநிலம் என்றால் தூண் மேல் உயர்த்தி, வரிசைகளுக்கு நடுவே போதிய இடைவெளி விட்டு, விவசாயம் பாதிக்காதபடி வைக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் "போதிய" என்பது எத்தனை அடி? "பாதிக்காதபடி" என்பது எத்தனை மூட்டை?

காசுக் கணக்கிலும் தமிழ்நாட்டு விவசாயி வேறு இடத்தில் நிற்கிறார். 1990-லிருந்து நம் பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம். பில் கட்டுகிற ஊர்களில் சோலார் வைத்தால் பில் மிச்சமாகும், இங்கே மிச்சமாக பில்லே இல்லை. விற்கிற யூனிட்டில் வருகிற காசுதான் வருமானம், அதன் விலையோ அவர் கையில் இல்லை. 1 மெகாவாட்டுக்கு வழக்கமான முறையில் 4, 5 ஏக்கர் வேண்டும், முதலீடு கோடிக் கணக்கில். மாமா மாதிரி ஆட்கள் வாடகைக்கு விடுவதோடு நின்றுவிடுவார்கள். வாடகை என்று வந்துவிட்டால், கீழே பயிர் விளைந்தாலும் காய்ந்தாலும் கம்பெனிக்கு ஒன்றுமில்லை. இதை நிலம் இருக்கிறவர் கோணத்தில் சொல்கிறேன். அந்த மேட்டாங்காட்டில் வருஷத்தில் பாதி நாள் ஆடு மேய்க்கிற ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் முப்பது பக்கத்தில் எங்கேயும் வராது.

கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் வந்தது, சுமார் 2,500 ஏக்கர். அந்த அளவைப் பார்த்துப் பார்த்து, சோலார் என்றாலே கண்ணுக்கெட்டிய தூரம் நீலத் தகடு என்று நமக்குப் பழகிவிட்டது. நாலு ஏக்கர் தோட்டத்தில் ஒரு ஏக்கருக்கு மேலே மட்டும், மிளகாய்க்கும் கொத்தமல்லிக்கும் தோதான இடைவெளியில், நிழல்வலை கட்டுகிற இடத்தில் பேனல் கட்டுவது என்கிற யோசனையோடு இதுவரை எந்தப் புரோக்கரும் எங்கள் பக்கம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. வந்தால் முதல் கையெழுத்து மாமாவுடையது.

ஃபைலைப் படித்த அன்றைக்கே மாமா அந்தப் புரோக்கருக்கு போன் போட்டார். "ஏனுங், கீழ வெள்ளாமை பண்ணிக்கலாமுன்னு சொன்னீங்கள்ல, அதைத் தமிழ்ல ஒரு வரி எழுதிக் கொண்டாங்க. எத்தன அடி உசரம்னும் போட்டுருங்க. ஒரு பேனலுக்கும் இன்னொரு பேனலுக்கும் நடுவுல எத்தன அடின்னும் போட்டுருங்க. கையெழுத்து வெச்சுப்போடறேன்."

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னாராம். மூணு வாரம் ஆச்சு. ஃபைல் இன்னும் கட்டிலில்தான் இருக்கிறது, அத்தை அதன் மேல் வத்தல் தட்டை வைத்திருக்கிறாள். கொத்தமல்லிக்குப் போன வருஷம் கட்டிய வலை கிழிந்துவிட்டது, புதுசு வாங்க மாமா நாளைக்குத் தாராபுரம் போகிறார்.