ஐட்லிங்கை ஏற்றிவிடுவது டியூனிங் இல்லை

போன வாரம் ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். பையனுக்கு 120 சிசி ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) ஒன்று பழசாக வாங்கியிருக்கிறாராம். சோக் (காற்றைக் குறைக்கும் தகடு) போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஐட்லிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இஞ்சின் ஓடும் வேகம், அதை ஏற்றிவிட்டால் சரியாகும் என்று நினைத்து, "ஐட்லிங் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருகணும்?" என்றார். ஒரு சுற்றுகூட வேண்டாம் என்று பதில் போட்டேன், கோபித்துக்கொண்டார் போல. அதனால் இங்கே விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

கனடாவில் இந்தச் சட்பரிக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் நானும் இதே மாதிரி ஒரு வண்டி வாங்கினேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. இதே மக்கர்தான். எனக்கு நேரமில்லை என்று ஒரு கடையில் விட்டேன் (பெயர் வேண்டாம்), மறுநாள் சரியாகிவிட்டது என்று கொடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, சோக் இல்லாமலே அணையாமல் ஜம்மென்று உறுமியது. வீட்டுக்குப் பின்னால் பனியில் நிறுத்தி மகளை உட்காரவைத்தேன். ஆக்சிலேட்டரில் அவள் கட்டைவிரலை வைக்கவே இல்லை, வண்டி தானாக முன்னால் ஊர்ந்தது. அவள் சிரித்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் ஜாக்கெட்டில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றைப் பிடுங்கி இஞ்சினை அணைத்தேன்.

டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். இந்தச் சின்ன வண்டிகளில் கியர் கிடையாது, இஞ்சின் வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கிற கிளட்ச்தான். ஐட்லிங்கை அளவுக்கு மேல் ஏற்றினால் கிளட்ச் பாதி பிடித்தபடியே நிற்கும். கடைக்காரர் செய்தது அவ்வளவுதான்: கார்புரேட்டரில் பெட்ரோல் வழியில் இருந்த அடைப்பை எடுக்காமல், இஞ்சின் நின்றுபோகாத அளவுக்கு ஸ்க்ரூவைத் திருகி ஏற்றிவிட்டார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருப்பதால் வண்டி மணிக்கு 13, 15 கிலோமீட்டரைத் தாண்டாது, உண்மைதான். ஆனால் தானாக நகர்கிற வண்டி எந்த வேகத்தில் நகர்ந்தாலும் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆபத்துதான்.

அப்பாவுக்கு ஈரோட்டில் டூவீலர் பட்டறை. ஆர்எக்ஸ் 100 கொண்டுவந்து "ஸ்லோவில் நிக்க மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் அவர் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டார், கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரைத்தான் கழற்றுவார். நானும் அதைத்தான் செய்தேன். அடியில் பச்சையாக, பழைய நெய் மாதிரி ஒரு படிவு. கூடவே பட்டாணி அளவு தண்ணீர்.

யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் வண்டி வருஷத்துக்கு எத்தனை நாள் ஓடும்? பத்து, பதினைந்து நாள். மீதி நாளெல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல் அதற்குள் கிடந்து ஆவியாகிப் பிசினாகிறது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அந்தத் தண்ணீர் மைனஸ் 20-ல் உறைந்து, வேகமாக ஓடும்போது பெட்ரோல் போகிற ஓட்டையான மெயின் ஜெட்டை அடைத்தால், நேற்று ஓடிய வண்டி இன்று ஓடாது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் ஓட்டை அதைவிடச் சின்னது, முதலில் அடைவது அதுதான். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று இஞ்சினே சொல்லுகிறது.

என் வண்டியில் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கழற்றியதும் அதன் அடியில் ஸ்லோ ஜெட் கறுப்பு பிளாஸ்டிக்கில் குட்டியாக உட்கார்ந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓட்டையே தெரியவில்லை. கார்ப் கிளீனர் அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, மின்சார ஒயரில் இருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையை விட்டு மெதுவாக எடுத்தேன். ஊசியைப் போட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் எந்த டியூனிங்கும் உதவாது. ஐட்லிங்கில் பெட்ரோலும் காற்றும் சேரும் அளவை மாற்றுகிற கலவை ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் அது உள்ளே எத்தனை சுற்று இறங்குகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவில் திரும்ப வையுங்கள், போதும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டியூனிங். அதையும் கேரேஜுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 20 என்றால் வெளிக்காற்றுக்குச் சுமார் 16 சதவீதம் அடர்த்தி கூடுதல். காற்று கூடுகிற அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற புத்தி கார்புரேட்டருக்குக் கிடையாது. உள்ளே அச்சாக ஓடுகிற வண்டி வெளியே போனதும் ஆக்சிலேட்டரை அழுத்தினால் திணறும். கை விறைத்தாலும் பரவாயில்லை, வெளியே நிறுத்தி, நன்றாகச் சூடேற்றி, அப்புறம் ஐட்லிங் ஸ்க்ரூவைத் தொடுங்கள். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் ஐட்லிங்கில் டிராக் (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) சுற்றக் கூடாது, அதுதான் எல்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் கேபிள் டக்கென்று திரும்புகிறதா என்றும் பாருங்கள், உள்ளே ஈரம் உறைந்தால் மாட்டிக்கொள்ளும்.

என் வண்டியில் இன்னொரு கூத்தும் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஆன்லைனில் மலிவாக ஒரு கார்புரேட்டர் வாங்கி மாட்டியிருந்தார், தண்ணீர் பம்புக்கு வருகிற வகை. இஞ்சின் சைஸ் ஒன்றுதான், பொருந்திவிட்டது. ஆனால் முழு ஆக்சிலேட்டரில் இழுக்கவில்லை, சோக்கைப் பாதி போட்டால் இழுத்தது. முழு வேகத்தில் ஓட்டி உடனே அணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், வெள்ளை வெளேரென்று இருந்தது, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக மாற்றியதும் பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது, அதுதான் சரியான நிறம்.

கவர்னரைக் கழற்றினால் இன்னும் நன்றாக ஓடும் என்று சொல்லும் அண்ணன்மார்களே, அந்தக் கதையை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

மார்ச் கடைசியில் பெட்ரோல் டேப்பை மூடி, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, ஃப்ளோட் சேம்பரில் மிச்சத்தையும் வடித்துவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. மகள் இப்போது அந்த போல்ட்டை அவளே திருகுகிறாள், என்னைத் தொட விடுவதில்லை.

கேள்வி கேட்ட நண்பரே, கோபம் தணிந்ததும் அந்தச் சேம்பரைக் கழற்றி, அடியில் என்ன இருந்தது என்று கமெண்டில் ஒரு போட்டோ போடுங்கள்.