அந்த பாக்டீரியா கேரி பேக்கைத் தின்னாது

ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்புக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். "ஜப்பான்ல பிளாஸ்டிக் தின்ற பாக்டீரியாவே கண்டுபிடிச்சாச்சு, இன்னும் எதுக்கு குப்பை பிரிக்க வீட்டுக்கு ரெண்டு பக்கெட்?" என்று ஒருவர் கேட்டார், கைதட்டல் எழுந்தது, குப்பை பிரிக்கும் ஏற்பாடு அதோடு நின்றுபோனது. அங்கே என்னைப் பேச விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த பாக்டீரியா உண்மைதான். ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரில், பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்தில் எடுத்த மாதிரியில் கிடைத்தது. 2016இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. பெயர் இடியோனெல்லா சகாயென்சிஸ். அது தின்பது பெட் (PET) வகை பிளாஸ்டிக்கை, அதாவது தண்ணீர் பாட்டில் செய்வதை. அதிலும் ஆய்வகத்தில் அதற்குக் கொடுத்தது பாட்டில் அல்ல, மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்படாத ஒரு மெல்லிய ஏடு. 30 டிகிரியில் அதைச் சிதைக்கவே 6 வாரம் பிடித்தது.

நம் குப்பையில் கிடப்பது பால் கவரும் கேரி பேக்கும். அவை பாலிஎத்திலீன். பெட்டின் சங்கிலியைக் கோக்கும் கண்ணியாக எஸ்டர் பிணைப்பு இருக்கிறது, பாக்டீரியாவின் நொதி (என்சைம்) அந்த இடத்தில்தான் வெட்டுகிறது. பாலிஎத்திலீனில் வெட்டுவதற்கு அப்படி ஓர் இடமே கிடையாது, கார்பனோடு கார்பன் சேர்ந்த நீளமான சங்கிலி மட்டும்தான். ஆகவே அந்த பாக்டீரியா கேரி பேக்கைத் தின்னாது. பெட் வேறு, கேரி பேக் வேறு.

எங்கள் அம்மா ஊரில் வளர்த்த பசு வயிறு உப்பித் தீனி எடுக்காமல் கிடந்தது. மருத்துவர் வயிற்றைத் திறந்து வெளியே எடுத்தது முழுக்கக் கேரி பேக், கயிறு கயிறாக முறுக்கிக்கொண்டு. பசுவின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் கோடி கோடியாக வாழ்கின்றன, வைக்கோலையே கரைப்பவை. அந்தப் பைகளில் கடை பெயர்கூட அழியவில்லை. பசு பிழைக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு மாடு வளர்க்கவே இல்லை.

உடனே ஒருவர் வருவார்: மாட்டின் வயிற்று நீர் பிளாஸ்டிக்கைச் சிதைக்கிறது என்று 2021இல் ஆஸ்திரிய ஆய்வு வந்ததே என்று. வந்தது, நானும் படித்தேன். அதில் சோதித்த மூன்றுமே பாலியெஸ்டர் வகை. திரும்பவும் அதே எஸ்டர் பிணைப்பு. தேன்கூட்டு மெழுகைத் தின்னும் மெழுகுப்புழு பாலிஎத்திலீனை அரிக்கிறதே என்பவர்களுக்கு: சரி, தெருவுக்குத் தெரு புழு வளர்க்கப் போகிறோமா?

"நீங்கள் அறிவியலுக்கு எதிரி" என்று நம் குடியிருப்புக் குழுவில் சிலர் எழுதியதுதான் எனக்கு வலித்தது. நான் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். பிரான்சில் கார்பியோஸ் நிறுவனம் மேம்படுத்திய நொதி, 72 டிகிரி சூட்டில் 10 மணி நேரத்தில் பெட்டின் 90 சதவீதத்தை மூலப்பொருளாகப் பிரித்தது. 2020இல் வெளியான அருமையான வேலை அது. ஆனால் அந்த நொதி வேலை செய்யும் கலனுக்குள் போகும் பெட்டை யாரோ முதலில் மற்ற குப்பையிலிருந்து பிரித்திருக்க வேண்டும், பொடியாக்கியிருக்க வேண்டும். நொதியை நம்புகிறவர்தான் முதலில் இரண்டு பக்கெட் கேட்க வேண்டும்! சாம்பாரில் ஊறிய பாட்டிலை எந்த ஆலை வாங்கும்?

"எல்லாம் ஒருநாள் மக்கிப்போகும், இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்றும் சொன்னார்கள். வெயிலில் கேரி பேக் நொறுங்குவதை மக்குவது என்று நினைக்கிறார்கள். அது மக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத துணுக்காகி மண்ணிலேயே கிடக்கிறது.

பக்கெட்டை நிறுத்தியதால் குப்பை பிரிப்பது நின்றுவிடவில்லை. காலை ஆறு மணிக்குக் குப்பை எடுக்க வரும் அக்கா இப்போது அதை வெறும் கையால் செய்கிறார். டயபர், உடைந்த பல்பு, மீன் செதில் எல்லாவற்றுக்கும் நடுவில். அவருக்குக் கையுறை கேட்டபோது நிதி இல்லை என்றார்கள், அதே மாதம் வாசலுக்குப் புது அலங்கார விளக்கு வந்தது. ஜப்பான் பாக்டீரியாவைப் பற்றிப் பேச நேரம் இருந்தவர்களுக்கு அவர் பெயர் தெரியுமா? அடுத்த கூட்டத்தில் அவரை முன் வரிசையில் உட்காரவைத்து, அவர் பேசி முடித்த பிறகு பக்கெட்டை நிறுத்தும் இதே தீர்மானத்தை மறுபடி வாக்கெடுப்புக்கு விடுங்கள்.