பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள்

பழைய ஸ்கூட்டர் மேல் ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் கடலோரச் சாலையில் ஒரு வெஸ்பாவோ லாம்ப்ரெட்டாவோ போனால் நானும் திரும்பிப் பார்ப்பேன். நானே ஒரு பழைய 150 சிசி வண்டி வைத்து ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் வருவதெல்லாம் இந்த வண்டிகளை விற்கிற விதத்தைப் பார்த்துத்தான். புதுப் பெயிண்ட், பளபளக்கும் குரோம், புதிதாகத் தைத்த சீட்டு. அடியில் பார்த்தால் செத்துப்போன டயர், இழை இழையாகப் பிரிந்த பிரேக் கேபிள். காசெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கே போகிறது.

முதலில் கால் வைக்கிற தரைத்தகட்டைப் பாருங்கள். வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். 1946இல் வந்த அந்த வண்டிக்கு அவர் தனியாகச் சட்டம் (ஃபிரேம்) வைக்கவில்லை. அழுத்தி வளைத்த இரும்புத் தகடுதான் அதற்கு உடம்பு, அதுவேதான் எலும்பும். லாம்ப்ரெட்டாவுக்கு உள்ளே குழாய்ச் சட்டம் உண்டு. ஆகவே வெஸ்பாவின் தரைத்தகடு துருப்பிடித்தால் வண்டியின் பலமே போகிறது என்று அர்த்தம். நம் ஊர் உப்புக்காற்று வேறு. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கச் செலவாகும் என்று, பட்டியை (ஓட்டை அடைக்கிற பூச்சுப் பசை) அப்பித் தேய்த்து மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தகடு முழுக்க நகர்த்திப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டாது.

அடுத்தது டயர். சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஒரு வண்டியின் படத்தை அனுப்பி, "அண்ணா, எப்படி இருக்கு?" என்று கேட்டான். "டயர் பக்கத்தைக் கிட்டப் போய் எடுத்து அனுப்பு தம்பி" என்றேன். தரையைத் தொடுகிற பட்டன் தேயவே இல்லை, ஆனால் பக்கவாட்டில் முடி முடியாக வெடிப்பு. அங்கே அச்சடித்திருந்த நான்கு எண்கள் 0809. அதாவது 2009ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பர் காய்ந்து இறுகிப்போகும். இந்தச் சின்னச் சக்கரங்கள் ஒரு குழியில் இறங்கினால் பெரிய சக்கரத்தைவிட மோசமாகத் தூக்கி அடிக்கும். அதில் காய்ந்த டயரை நம்பி மழையில் போகவே கூடாது.

டயர் மாற்றும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெஸ்பா ரிம் இரண்டு பாதிகளாக இருக்கும். சக்கரத்தை வண்டியோடு பிடிக்கிற நட்டு வேறு, அந்த இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கிற நட்டு வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

பெட்ரோலோடு எஞ்சின் எண்ணெயும் கலந்து ஓடுகிற வண்டிதான் டூ ஸ்ட்ரோக். அந்த எண்ணெய் விஷயம் தெரியாமல் அதை எடுக்காதீர்கள். இங்கே பெட்ரோல் கராஜில் நாம் இறங்கிப் போட்டுக்கொள்வதில்லை, வேலைக்காரர்தான் போடுவார். அவருக்கு இந்த வண்டி பழக்கம் இருக்காது, அது அவர் தப்பும் இல்லை. நீங்களே எண்ணெயை அளந்து முதலில் டாங்கில் ஊற்றிவிட்டு, அப்புறம் பெட்ரோல் விடச் சொல்லுங்கள். பல மாடல்களுக்கு 2 சதவீதம், அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி. இன்னும் பழைய சிலவற்றுக்கு 5 சதவீதம் வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் பாருங்கள்.

இப்படிக் கலந்து ஊற்றுகிற எஞ்சினுக்கு பெட்ரோலோடுதான் எண்ணெய் போகும். குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் வழியாக ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே வேகமாக இறங்கினால் எஞ்சின் உச்சத்தில் சுழலும், எண்ணெய் மட்டும் வராது. எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். இறக்கத்தில் அவ்வப்போது லேசாக ஆக்சிலேட்டரைத் திருப்பி விடுங்கள். இடது கை விரல் ஒன்றாவது கிளட்ச் மேல் இருக்கட்டும். எஞ்சின் சத்தம் இறுகி வண்டி தானாக மெதுவானால் யோசிக்காமல் கிளட்சைப் பிடியுங்கள்.

"ஒரிஜினல்" என்று சொல்லி 6 வோல்ட் விளக்கை வைத்திருப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எஞ்சின் மெதுவாக ஓடினால் அந்த விளக்கும் மங்கும். இந்த நாட்டில் பகலிலும் மோட்டார் சைக்கிளுக்கு முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கண்ணாடி போடுங்கள். வண்டியின் அழகு ஒன்றும் குறையாது.

டிரம் பிரேக் இன்றைய கார் நிற்கிற தூரத்தில் நிற்காது. முன்னே போகிற டாக்ஸி வேன், ஆள் கை காட்டியதும் நிற்கும். இடைவெளி விட்டுப் போங்கள். 50 சிசிக்கு மேல் இருந்தால் என்2 நெடுஞ்சாலையில் போகச் சட்டம் தடுக்காது. ஆனால் மற்றவர்கள் 120இல் போகிற இடத்தில் 80இல் திணறுவது பெரிய ஆபத்து. வெருலம், டோங்காட் போக ஆர்102 சாலை இருக்கிறதே. அப்புறம், 125 சிசியைத் தாண்டினால் ஏ1 லைசென்ஸ் போதாது, ஏ வேண்டும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் யாராவது பழைய வண்டி வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தால் காசு கொடுக்கும் முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே கூட வந்து அடியில் படுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.